உச்சியில் நிற்கும் கேபிள் கார் நடுவழிக்கு வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் மிக உயரமான சிகரமான சுக்ஷ்பிட்ஸ பற்றித் தங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. அதில் ஒரு வரியை மட்டும் திருத்தியாக வேண்டும். "நடந்து ஏறிப் பாருங்கள், முடியாவிட்டால் கேபிள் காரில் இறங்கிவிடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். ஐரோப்பாவில் படிக்கும் மாணவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும் அதை நம்பிக் கிளம்பக்கூடும். கேபிள் கார் நிற்பது உச்சியில். கால் ஓய்ந்துபோவது நடுவழியில். ரைன்டால் பள்ளத்தாக்கு வழியாக ஏறுகிறவருக்கு, அடிவாரத்திலுள்ள கார்மிஷ் ஊரை விட்ட பிறகு, உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும் பனிச்சமவெளி வரும்வரை எந்த ரயிலும் இல்லை, எந்தக் கேபிள் காரும் இல்லை. பாதி தூரத்தில் முடியாமல் போனால் இரண்டே வழிதான். வந்த தொலைவைத் திரும்பி நடக்க வேண்டும், அல்லது மீட்புப் படையைக் கூப்பிட வேண்டும்.

முதலில் மலையின் அமைப்பு. உச்சி 2,962 மீட்டர். ஜெர்மனியின் பவேரியாவுக்கும் ஆஸ்திரியாவின் டிரோலுக்கும் எல்லை அதன் மேலேயே ஓடுகிறது. 1820 ஆகஸ்ட் 27 அன்று யோசஃப் நவுஸ் என்ற ராணுவ அதிகாரியின் குழு ஏறியதுதான் பதிவான முதல் ஏற்றம். ஆஸ்திரியப் பக்கம் ஏர்வால்டிலிருந்து 1926-இலேயே கேபிள் கார் வந்துவிட்டது. ஜெர்மன் பக்கத்துப் பல்சக்கர ரயில் 1930-இல் வந்தது. ஐப்சே ஏரிக்கரையிலிருந்து இப்போது ஓடும் கேபிள் கார் 2017 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒரே ஒரு கோபுரம், அதன் உயரம் 127 மீட்டர். அதைத் தாண்டினால் 3,213 மீட்டருக்கு இடையில் தாங்கல் எதுவும் இல்லாமல் கம்பி தொங்குகிறது. ஒரு பெட்டியில் 120 பேர் ஏறி, சுமார் பத்து நிமிடத்தில் 1,945 மீட்டர் உயரம் போய்விடுகிறார்கள். பார்க்க எளிது. அந்த எளிமைதான் நடப்பவர்களை ஏமாற்றுகிறது.

தூரத்தையும் உயரத்தையும் கணக்குப் போட ஜெர்மானியர்களிடம் ஒரு வழக்கமான வாய்ப்பாடு உண்டு. ஏறும்போது மணிக்கு 300 மீட்டர் உயரம், இறங்கும்போது 500 மீட்டர், சமதளத் தூரம் மணிக்கு 4 கிலோமீட்டர். உயரத்துக்கான நேரம் ஒன்று, தூரத்துக்கான நேரம் ஒன்று என்று தனித்தனியாகப் போட்டு, பெரியதை முழுதாகவும் சிறியதைப் பாதியாகவும் கூட்ட வேண்டும். ரைன்டால் வழியில் ஏற்றம் ஏறக்குறைய 2,250 மீட்டர், தூரம் 21 கிலோமீட்டர். உயரத்துக்கு ஏழரை மணி, தூரத்துக்கு ஐந்தேகால் மணி. ஏழரையோடு ஐந்தேகாலில் பாதியைச் சேர்த்தால் பத்து மணி நேரத்துக்கு மேல். சாப்பாடு, ஓய்வு, சட்டை மாற்றுவது, படம் எடுப்பது எல்லாம் ஒன்றரை மணி. ஆக பதினொன்றரை மணி நேரம்.

இனி மறுமுனையிலிருந்து பாருங்கள். கடைசி கேபிள் கார் பருவத்துக்குப் பருவம் மாறும், ஆனாலும் மாலை ஐந்தை ஒட்டியே கிளம்பிவிடுகிறது. வரிசைக்கு ஒரு மணி நேரம் விட்டால் நான்கு மணிக்குள் உச்சியில் இருக்க வேண்டும். அப்படியென்றால் விடியற்காலை நாலரைக்குள், இருட்டிலேயே, நெற்றி விளக்கோடு ஊரிலிருந்து நடக்கத் தொடங்க வேண்டும். காலை எட்டு மணிக்குக் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறவர் கடைசி வண்டியைத் தவறவிடுவது நிச்சயம். தவறவிட்டவர்களுக்காகத் தனி வண்டி விடமாட்டார்கள். உச்சியில் 1897-இல் கட்டிய ம்யூனிக் இல்லம் என்ற மலைக்குடில் இருக்கிறது, ஆனால் படுக்கைகள் கொஞ்சம்தான், கோடையில் முன்பே பதிவாகிவிடும்.

ஆகவே பழக்கமில்லாதவர்கள் இதை இரண்டு நாளாகப் பிரிப்பதே சரி. முதல் நாள் பார்ட்னாக் மலையிடுக்கு வழியாக ரைன்டாலாங்கர் குடில் வரை. மலையிடுக்கு சுமார் 700 மீட்டர் நீளம், நுழைவுக் கட்டணம் உண்டு. பனி உருகும் நாட்களிலும் கனமழையிலும் மூடிவிடுவார்கள், அப்போது மேலே சுற்றுப்பாதையில் போக வேண்டியிருக்கும், நேரம் கூடும். அதற்கப்புறம் காட்டுப் பாதை. நீளம்தான், கடினமில்லை. குடில் 1,369 மீட்டரில் இருக்கிறது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டேகால் அளவில் க்னோர் குடில் (2,051 மீட்டர்), பத்தரை அளவில் சோன்அல்பின் என்ற பனிச்சமவெளி நிலையம், நிதானமாக ஏறினாலும் பன்னிரண்டரைக்குள் உச்சி. ஆல்ப்ஸ் மலையில் கோடைக்கால இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும். இந்தக் கால அட்டவணையில் அதற்கு முன் வேலை முடிந்துவிடுகிறது.

குடிலில் தங்க முன்பதிவு கட்டாயம். துணியாலான மெல்லிய உறைப்பை ஒன்றை நாமே கொண்டுபோக வேண்டும், அதில்தான் படுக்க வேண்டும். ரொக்கப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் பேச்சு கூடாது.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நம்மவர்கள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பள்ளத்தாக்கில் நாள் முழுக்க ஆறு பக்கத்திலேயே ஓடி வருகிறது. மேலே பனி இருக்கிறது, பனி உருகுகிறது, எனவே அங்கே இன்னும் அதிகம் ஓடும் என்று தோன்றும். மேலே ஒரு சொட்டு ஓடாது. சமவெளி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. உருகும் நீர் வெடிப்புகளிலும் குழிகளிலும் இறங்கி மலைக்குள்ளேயே போய், ரைன்டாலாங்கர் குடிலுக்குச் சற்று மேலே பார்ட்னாக் ஆற்றின் ஊற்றாக ஒரேயடியாகப் பீறிட்டு வருகிறது. அந்த ஊற்றைத் தாண்டிவிட்டால், வெயில் எதிரொளிக்கும் வெள்ளைப் பாறையில் 1,500 மீட்டர் ஏற்றம் பாக்கி. குடிலிலும் நிலையத்திலும் விலைக்கு வாங்கலாமே தவிர வழியில் ஓடை கிடையாது. ஆளுக்கு இரண்டரை லிட்டர் சுமந்துதான் ஆக வேண்டும். அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. ஜூன் கடைசி வரையிலும், சில ஆண்டுகளில் ஜூலையிலும், சமவெளியில் பனி கிடக்கும். மூடுபனி இறங்கினால் பாறையில் தீட்டிய சிவப்பு வெள்ளைக் குறிகள் பனிக்கு அடியிலும், நட்ட கம்பங்கள் புகைமூட்டத்துக்குள்ளும் மறைந்துவிடும். கைப்பேசியில் இணையமில்லாமலே திறக்கும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருப்பவர்தான் அங்கே பிழைப்பார்.

சோன்அல்பினிலிருந்து உச்சி வரை மிச்சம் 400 மீட்டருக்குள்தான். ஆனால் வழி முழுக்கப் பொடிக்கல் சரிவு. இரண்டு அடி வைத்தால் ஓரடி கீழே வழுக்கும். அதன் மேல் இரும்புக் கயிறு கட்டிய பாறை முகடு. களைத்த காலுக்கு இந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான் அன்றைய நாளில் மோசமானது. இங்கேதான் கேபிள் கார் பற்றி ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். உச்சியிலிருந்து புறப்படுகிறவை எல்லாமே கம்பியில் தொங்குகிறவை: ஐப்சேவுக்குப் போவது, ஏர்வால்டுக்குப் போவது, சமவெளிக்கு இறங்கும் சின்ன கேபிள் கார். பலத்த காற்றிலும் இடியிலும் இவற்றை நிறுத்திவிடுவார்கள். சமவெளியிலிருந்து கிளம்பும் பல்சக்கர ரயிலோ மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் ஓடுகிறது, காற்று அதை அசைக்காது. எனவே சமவெளிக்கு வந்து சேரும்போது மேற்கே வானம் கறுத்திருந்தால், உச்சியை மறந்துவிட்டு ரயில் ஏறிவிடுங்கள். "உச்சிக்குப் போய்விட்டால் கேபிள் கார் இருக்கிறதே" என்று மேலே ஏறுகிறவர், நின்றுபோன கேபிள் காரின் வாசலில், இடிமின்னலுக்கு நடுவில், அந்த வட்டாரத்திலேயே மிக உயர்ந்த புள்ளியில் போய் மாட்டிக்கொள்கிறார். இது போக, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பராமரிப்புக்காகக் கேபிள் காரைப் பல நாள் மூடுவார்கள். கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தை இணையத்தில் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல், எந்த வண்டியில் இறங்குவது என்பது. உச்சியில் இரு நாட்டு நிலையங்களும் ஒட்டியே இருக்கின்றன, ஒரு மாடத்திலிருந்து மறு மாடத்துக்கு நடந்தே போகலாம். இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள், பயணச்சீட்டும் வேறு. அவசரத்தில் ஏறிவிட்டால் ஆஸ்திரியாவில் போய் இறங்குவீர்கள், உங்கள் கார் ஜெர்மனியில் நிற்கும். ஏர்வால்டிலிருந்து கார்மிஷுக்கு ரயில் உண்டு, ஆனால் மாலை நேரம் போய்விடும். சரியான வண்டியில் இறங்கினாலும் ஐப்சேதான் வருமே தவிர, நீங்கள் நடக்கத் தொடங்கிய ஒலிம்பிக் பனிச்சறுக்கு மைதானம் வராது. அங்கிருந்து ரயில் பிடித்துக் கார்மிஷ் வந்து, ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும். ஷெங்கன் விசாவில் வந்திருப்பவர்கள் எல்லை தாண்டுவதால் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது.

கட்டுரையில் ஹோலன்டால் வழியையும் "காட்சிகள் நிறைந்த மாற்றுப் பாதை" என்று சேர்த்திருந்தீர்கள். ஹோலன்டால் என்றால் நரகப் பள்ளத்தாக்கு என்று பொருள், பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஹாமர்ஸ்பாக் கிராமத்திலிருந்து மலையிடுக்கைத் தாண்டி 1,387 மீட்டரில் உள்ள குடில் வரை யாரும் போகலாம், மழை எச்சரிக்கை இல்லாத நாளாக இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் அந்த இடுக்கில் திடீர் வெள்ளம் வந்து உயிர்ச்சேதம் ஆனது. குடிலுக்கு மேலே இது நடைபாதையே அல்ல. செங்குத்துப் பாறையில் இரும்புப் படிகள் அடித்த ஏணி, அதையடுத்து வழுவழுப்பான பாறைச் சுவரில் குறுக்கே நட்ட இரும்பு முளைகள். கால் முளையில், கை கம்பியில், கீழே வெறும் ஆகாயம். அதன்பின் பனியாறு. ஜூலை பாதிக்கு மேல் மேற்பரப்புப் பனி கரைந்து கண்ணாடிபோல் வெறும் ஐஸ் தெரியும். காலணியில் மாட்டும் முள் சட்டமான கிராம்பான் இல்லாமல் அதில் நிற்கவே முடியாது. பனியாறு முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு பிளவு. பாறை வெயிலில் சூடாகி ஒட்டியிருக்கும் ஐஸை உருக்குவதால் அது உண்டாகிறது, எனவே ஆகஸ்ட், செப்டம்பர் என்று போகப்போக அகலமாகிறது. ஐஸ் மட்டமும் தாழ்வதால் முதல் இரும்பு முளை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். வார இறுதிகளில் அந்த ஓரிடத்தில் நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நிற்க, மேலே ஏறுகிறவர்கள் காலால் தட்டும் கல் கீழே நிற்பவர்கள் தலையில் விழும். ஹெல்மெட்டைப் பனியாற்றில் கால் வைக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும்.

பிளவைத் தாண்டினால் உச்சி வரை பல நூறு மீட்டர் உயரத்துக்கு இரும்புக் கயிற்றுப் பாதை. இடுப்பு வாரில் மாட்டும் கருவிக்கு இரண்டு கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. கயிற்றைப் பாறையில் பிணைத்திருக்கும் ஒவ்வொரு முளையிலும் ஒரு கொக்கியைக் கழற்றி அடுத்த பகுதியில் மாட்டிய பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கழற்றும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து, களைத்தவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். இரண்டு முளைகளுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். விழுந்தால் அந்தக் கருவியில் உள்ள தையல் பட்டை கிழிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஒருமுறை கிழிந்ததை மறுபடி பயன்படுத்தக் கூடாது. இப்போதைய தரத்தின்படி இது 40 முதல் 120 கிலோ எடை உள்ளவர்களுக்கானது, ஆகவே சிறுவர்களுக்குத் தனியாகக் கயிறு போட்டுப் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இதையெல்லாம் கேபிள் காரில் வரும் கூட்டம் உச்சி மாடத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல்முறை மலையேறுகிறவர்களுக்கு இந்த வழியை எழுதவே கூடாது என்பது என் கருத்து. உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போகலாம்.

ஏர்வால்டர் ஆல்ம் மேய்ச்சல் நிலத்திலிருந்து காட்டர்ல் கணவாய் வழியாகப் போகும் பாதையைக் கட்டுரை விட்டுவிட்டது. அங்கே 1,502 மீட்டர் வரை கேபிள் காரிலேயே போய்விடலாம். பிறகு ஏறி இறங்கி க்னோர் குடிலில் ரைன்டால் பாதையோடு சேரும். ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்களுக்கு இதுதான் நியாயமான வழி.

உடை, காலணி பற்றி. நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.6 டிகிரி குளிர் கூடும். கார்மிஷில் 25 டிகிரி இருந்தால் உச்சியில் 11 தான், காற்றை நான் இன்னும் சேர்க்கவில்லை. 2008 ஜூலை 13 அன்று ஏர்வால்டிலிருந்து உச்சிக்கு நடந்த மலையோட்டப் போட்டியில் மழை பனிப்பொழிவாக மாறியது. மெல்லிய ஓட்ட உடையில் இருந்த இருவர் களைப்பும் குளிரும் சேர்ந்து உச்சிக்குச் சற்றுக் கீழே இறந்தார்கள். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள், நடுக்கோடை, எட்டிவிடும் தூரத்தில் கேபிள் கார். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ஆகஸ்டிலும் மழைச்சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை மூன்றும் பையில் இருக்க வேண்டும். காலணியைப் பொறுத்தவரை, இரவல் வாங்கிய பழைய மலைக்காலணிதான் பெரிய எதிரி. மேல்தோல் புதிதுபோல் இருக்கும், ஆனால் அலமாரியில் ஏழெட்டு ஆண்டு கிடந்த காலணியின் நடு அடுக்கு காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் உளுத்துப் போயிருக்கும். நடக்கத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் அடிப்பாகம் முழுதாகக் கழன்று வந்துவிடும். வீட்டிலேயே காலணியை நன்றாக வளைத்து, அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவே விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் குப்பைத்தொட்டிதான். பையில் இரண்டு முழம் கம்பியும் ஒட்டுநாடாவும் இருந்தால் பாதி வழியில் கழன்றதைக் கட்டிக்கொண்டாவது திரும்பலாம்.

கேபிள் காரில் மேலே போய் நடந்து இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2,200 மீட்டர் இறக்கம், ஏற்றத்தைவிடத் தொடைக்கும் முழங்காலுக்கும் கொடுமை. பதினோரு மணிக்கு மேலே போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு இறங்கத் தொடங்கினால் மலையிடுக்கை இருட்டில்தான் பார்ப்பீர்கள். ஏறிவிட்டுக் கேபிள் காரில் இறங்குவதுதான் உடம்புக்கு உகந்தது, அந்த வகையில் கட்டுரையின் யோசனை சரியே. உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 70 விழுக்காடு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ள பெரியவர்களைப் பத்து நிமிடத்தில் அங்கே தூக்கிக்கொண்டு போகும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். செருப்போடு வருகிறவர்கள் பொன் பூசிய சிலுவை நிற்கும் கிழக்கு முனைக்கு ஏற வேண்டாம். மாடத்திலிருந்து சில நிமிடத் தூரம்தான், ஆனால் இரும்பு ஏணியும் வழுக்குப் பாறையும் உண்டு.

அவசர எண் 112, இரு நாடுகளிலும் அதுவே. ரைன்டாலில் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அப்போது விளக்காலோ விசிலாலோ நிமிடத்துக்கு ஆறு முறை சைகை கொடுத்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஹெலிகாப்டர் வந்தால் இரு கைகளையும் மேலே விரித்து நில்லுங்கள், உதவி வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்று வேடிக்கைக்கு அசைத்தால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஜெர்மனி